இளையோர் அமைப்பில் அத்துமீறல் வெளிவந்த பின் தலைவரை என்ன செய்வது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கழகம், சாரணர் படை, கோடை முகாம் போன்றவற்றின் செயற்குழுவில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. பயிற்றுநரோ முகாம் பொறுப்பாளரோ பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டது வெளிவந்து, அவர் மீது வழக்கும் பதிவாகிவிட்டது. தலைவர் தமக்கு எதுவும் தெரியாது என்கிறார், அல்லது தெரிந்தவுடன் நடவடிக்கை எடுத்ததாகச் சொல்கிறார். குழுவில் பாதிப் பேர் அவர் இன்றே விலக வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் இந்த நேரத்தில் அவரும் போய்விட்டால் அமைப்பைத் தாங்க ஆளில்லை என்கிறார்கள். யார் பக்கம் கை தூக்குவது?

நம்மிடையே பதவி விலகல் என்ற சொல்லுக்கே ஒரு தியாக வாசனை உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் கவிழ்ந்து பெருந்திரளானோர் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று விலகினார். தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்வது என்றதும் இன்றைக்கும் மேடைகளில் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். தமக்குத் தெரியாமல் நடந்த ஒன்றுக்கு அவர் பொறுப்பேற்றார், அதனால்தான் அது தார்மீகம். பிள்ளைகள் அமைப்புகளில் வெளிவந்த பெரிய வழக்குகளில் கதை வேறாக இருக்கிறது. தலைவரிடம் யாரோ ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார்; அப்படிச் சொன்ன நாளுக்கும் பிள்ளைகளைக் காக்கும் நடவடிக்கை தொடங்கிய நாளுக்கும் இடையே வாரங்களோ ஆண்டுகளோ கிடக்கின்றன. அந்த இடைவெளிக்கு உரியது நேரடிப் பொறுப்பு. அதைத் தார்மீகப் பொறுப்பு என்ற உறையில் போட்டு ஒட்டிவிட எந்த வழி இடம் கொடுக்கிறது, எது கொடுப்பதில்லை என்பதையே கீழே முக்கியமாகப் பார்க்கிறேன்.

## தேர்வுக்கு இடமில்லாத ஒன்று

காவல் துறைக்குச் சொல்வதா, முதலில் நாமே விசாரித்துப் பார்ப்பதா என்ற கேள்வி இந்த ஒப்பீட்டில் இல்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அமெரிக்காவில், கீழே வரும் ஜிம்னாஸ்டிக்ஸ் வழக்கை அடுத்து 2018 பிப்ரவரியில் வந்த சட்டம், ஒலிம்பிக் விளையாட்டு அமைப்புகளில் உள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரம்தான் கொடுக்கிறது. ஆகவே புகார் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு பேசுகிறேன். போகவில்லை என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் செய்யுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, இன்று மாலை பயிற்சிக்கு வரப்போகும் பிள்ளையின் பாதுகாப்பு. அறைச் சாவி, வாகனம், தங்கும் விடுதி, தனிப் பயிற்சி நேரம் ஆகியவை இப்போது யார் கையில் இருக்கின்றன என்ற சில்லறைக் கேள்விகளே இங்கு பெரிய கேள்விகள். இரண்டாவது, ஆவணங்கள்: பழைய புகார்க் கடிதங்கள், மின்னஞ்சல்கள், வாட்ஸப் உரையாடல்கள், தீர்மானப் புத்தகம் ஆகியவை கலையாமல் இருக்குமா. மூன்றாவது, இதுவரை பேசாத பாதிக்கப்பட்டவர்கள் இனி வந்து பேசத் துணிவார்களா. நான்காவது, யாருக்கு எந்தத் தேதியில் என்ன தெரிந்தது, அவர் என்ன செய்தார் என்பது எழுத்தில் பதிவாகுமா. கடைசியாக, இதற்கெல்லாம் ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது.

இவற்றுள் நான்காவதைத்தான் எல்லோரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பதை அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் நாட்காட்டி காட்டுகிறது. அணி மருத்துவர் லேரி நாசர் குறித்த புகார் 2015 ஜூன் 17 அன்று சம்மேளனத்துக்கு வந்தது. சம்மேளனம் தனியார் விசாரணையாளர் ஒருவரை அமர்த்தி வீராங்கனைகளிடம் பேசச் செய்தது. தலைவர் ஸ்டீவ் பென்னி எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் போனது ஜூலை 28 அன்று, ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து. செப்டம்பரில் நாசர் தாம் ஓய்வு பெறுவதாகத் தம் முகநூல் பக்கத்தில் எழுதிவிட்டு அணியிலிருந்து மரியாதையாக வெளியேறினார். அவர் வேலை பார்த்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மேளனம் எதுவும் சொல்லவில்லை. அங்கே அவர் 2016 ஆகஸ்ட் வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப்.பி.ஐ.யும் மாதக்கணக்கில் அசையவில்லை. 2015 ஜூலைக்குப் பிந்தைய அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 70 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்கிறது. தேதிகளை வரிசையாக அடுக்கினால்தான் இது கண்ணில் படுகிறது. 'உரிய நேரத்தில் நடவடிக்கை எடுத்தோம்' என்ற அறிக்கை வாசகத்தில் படுவதில்லை.

## முதல் வழி: தலைவர் நீடித்து, சீர்திருத்தத்தை அவரே நடத்துவது

இதற்குச் சொல்லப்படும் காரணம் நியாயமானதுதான். அமைப்பின் உள்ளும் புறமும் அறிந்தவர் அவர். காவல் துறை கேட்கும் தகவலை எடுத்துக் கொடுக்க அவரால் முடியும். நாளைய போட்டியும் அடுத்த மாத முகாமும் நிற்காது. செலவும் குறைவு போலத் தெரியும்.

சிக்கல் ஆவணங்களில் தொடங்குகிறது. தம்மைக் குறித்த விசாரணைக்கு வேண்டிய கோப்புகளை அவரே பூட்டி வைத்திருக்கிறார். அவருக்குக் கீழ்ப் பணியாற்றும் பயிற்றுநர் ஒருவர் 'நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உங்களிடம் சொன்னேனே' என்று செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சீர்திருத்தமும் காகிதத்தில் நின்றுவிடுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் வெளியிலிருந்து ஒரு முன்னாள் அரசு வழக்கறிஞரை அமர்த்தி, 2017 ஜூனில் 70 பரிந்துரைகளைப் பெற்றுக்கொண்டது; அவற்றை நிறைவேற்ற வேண்டிய பொறுப்போ பழைய நிர்வாகக் குழுவிடமே இருந்தது. ஏழு மாதங்களில் அந்தக் குழுவே இல்லாமல் போயிற்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தலைவர் லூ ஆனா சைமனுக்கு நிர்வாகக் குழு 2018 ஜனவரி 19 அன்று ஆதரவு தெரிவித்தது. நாசரால் பாதிக்கப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசிக்கொண்டிருந்த வாரம் அது. ஐந்தே நாளில் அவர் விலகினார். துயரங்கள் அரசியலாக்கப்படும்போது பழி விழுவது தவிர்க்க முடியாதது என்ற தொனியில் அமைந்தது அவருடைய கடிதம். தமக்கு எப்போது என்ன தெரிந்தது என்ற பேச்சு அதில் இல்லை.

இந்த வழி பொருந்தும் நிலை ஒன்று உண்டு. அத்துமீறல் நடந்த காலத்துக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர், வந்த நாள் முதல் எந்தப் புகாரையும் கையில் வைத்திருக்காதவர் என்று ஆவணங்களால் உறுதியானால் அவரை வெளியேற்றுவதால் பயனில்லை. 2019இல் ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் தலைமைக்கு வந்த லி லி லெங் அப்படிப்பட்டவர். பாதிக்கப்பட்டவர்களுடனான உடன்பாட்டை முடித்து, பல ஆண்டுகள் அவரால் பொறுப்பில் இருக்க முடிந்தது.

## இரண்டாம் வழி: தலைவரும் நிர்வாகக் குழுவும் உடனே விலகுவது

பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சொல்லும் செய்தி வலுவானது. உங்கள் சொல்லை நம்புகிறோம், பதவியைவிட அது பெரிது என்று அமைப்பே ஒப்புக்கொள்வதுபோல் அது அமைகிறது. ஆவணங்களின் சாவியும் கை மாறுகிறது. அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது விலகுகிறவர் என்ன எழுதிக் கொடுக்கிறார், அடுத்து யார் வருகிறார் என்ற இரண்டையும் பொறுத்தது.

அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்காட் பிளாக்மன் 2018 பிப்ரவரியில் உடல்நலக் காரணம் சொல்லி விலகினார். அவருக்குப் புற்றுநோய் இருந்தது உண்மை. ஆனால் நாசர் பற்றி 2015 ஜூலையிலேயே தெரிவிக்கப்பட்டும் அவர் எதுவும் செய்யவில்லை என்பது அந்தக் கடிதத்தால் வெளிவரவில்லை. ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து வந்த வெளி விசாரணை அறிக்கைதான் அதை விரிவாகப் பதிவு செய்தது. அந்த அறிக்கை இல்லாதிருந்தால், நோயுற்றதால் விலகிய நிர்வாகி என்பதோடு ஏடு மூடப்பட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான கடிதம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் யூவர்ன் கிறித்தவ முகாம்கள் வழியே அறிமுகமான சிறுவர்களைக் கொடூரமாக அடித்துவந்த ஜான் ஸ்மைத் விவகாரத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகியபோது, 2013 முதல் 2024 வரையான காலத்துக்குத் தனிப்பட்ட முறையிலும் திருச்சபை சார்பிலும் பொறுப்பேற்பதாக எழுதினார். 2013 என்ற எண் அந்தக் கடிதத்தில் இருப்பதுதான் அதன் மதிப்பு; புகார் தம் மேசைக்கு வந்த ஆண்டு அது. ஆயினும் அடுத்த மாதம் பிரபுக்கள் அவையில் விடைபெற்றுப் பேசுகையில் தம் விலகலை வைத்தே நகைச்சுவை செய்து, பாதிக்கப்பட்டவர்களைப் புண்படுத்தி, மறுநாள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. விலகல் எவ்வளவு விரைவில் விலகுகிறவரின் சொந்தக் கதையாக மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்து வருகிறவரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் இன்னொரு மறைவான செலவு. ஒலிம்பிக் குழு கெடு வைத்ததால் ஜிம்னாஸ்டிக்ஸ் நிர்வாகக் குழு முழுவதும் 2018 ஜனவரி இறுதிக்குள் விலகியது. அதற்கு முந்தைய மாதம்தான் பொறுப்பேற்றிருந்த தலைவர் கெர்ரி பெர்ரி செப்டம்பரில் போனார். அக்டோபரில் வந்த மேரி போனோ, சம்மேளனத்துக்காக வாதாடிய சட்ட நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர் என்ற எதிர்ப்புக்கும் வேறு சர்ச்சைக்கும் நடுவே நான்கே நாளில் விலகினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடைக்காலத் தலைவரோ, பாதிக்கப்பட்டவர்களில் சிலர் தங்கள் மீது விழும் வெளிச்சத்தை ரசிப்பதாகப் பேசிவிட்டு 2019 ஜனவரியில் வெளியேற வேண்டியதாயிற்று. பணச் செலவும் உண்டு: சைமன் முழுமையாக ஓய்வு பெற்றபோது மூன்று ஆண்டுகளில் அவருக்கு 24.5 லட்சம் டாலர் தர அதே பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

தலைவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது ஆவணத்தால் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டால் இந்த வழியே சரி. அப்போது விசாரணைக்குக் காத்திருப்பது காலம் கடத்துவதாகும்.

## மூன்றாம் வழி: தலைவர் ஒதுங்கி நிற்க, வெளியார் விசாரிப்பது

தலைவர் பதவியை விடுவதில்லை. பணியிலிருந்து மட்டும் ஒதுங்குகிறார். அலுவலகம், மின்னஞ்சல், கையெழுத்து அதிகாரம் எதுவும் அவரிடம் இல்லை. அமைப்போடு தொடர்பில்லாத ஒருவர் குறித்த காலத்துக்குள் விசாரித்து அறிக்கை தருகிறார். பெரும்பாலான குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. அதனால்தான் இதன் குறைகளையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நன்றாக நடந்ததற்கு எடுத்துக்காட்டு, மேலே சொன்ன ஒலிம்பிக் குழு விசாரணை. ரோப்ஸ் அண்ட் கிரே என்ற சட்ட நிறுவனம் 100க்கும் மேற்பட்டோரிடம் பேசி, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பார்த்து, 2018 டிசம்பரில் 233 பக்க அறிக்கையைப் பொதுவில் வெளியிட்டது. அதுவரை பதவியில் இருந்த இன்னொரு மூத்த அதிகாரி, பிளாக்மனோடு சேர்ந்து தகவலறிந்தும் எதுவும் செய்யாதவர் என்று அதில் தெரிந்ததும், அன்றே பணிநீக்கம் செய்யப்பட்டார்.

கெட்டுப்போனதற்கு எடுத்துக்காட்டு யூவர்ன் முகாம்கள். அங்கே 1982லேயே ஒரு விசாரணை நடந்தது. மார்க் ரஸ்டன் என்ற பாதிரியார், அதே வட்டத்தைச் சேர்ந்தவர், பாதிக்கப்பட்ட இளைஞர்களிடம் பேசி, நடந்த கொடுமையைத் தெளிவாக எழுதினார். அந்த அறிக்கை ஒரு சிலர் கைகளுக்குள்ளேயே சுற்றியது. காவல் துறைக்குப் போகவில்லை. ஸ்மைத் 1984இல் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்து அங்கும் சிறுவர் முகாம்களை நடத்தினார். 1992இல் அவருடைய முகாமில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்து கிடந்தான். தம்மவர் ஒருவரை விட்டு விசாரித்து அறிக்கையைப் பெட்டியில் வைப்பது, விசாரிக்காமல் விடுவதைவிட மோசமானது. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நிம்மதியை அது பெரியவர்களுக்குத் தந்துவிடுகிறது. பிற்பாடு 2019இல் திருச்சபை அமர்த்திய கீத் மேக்கின் விசாரணை வெளியார் விசாரணைதான். ஆனால் ஒன்பது மாதத்தில் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது, 2024 நவம்பரில்தான் வெளிவந்தது. ஸ்மைத் 2018லேயே, எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லாமல், தென்னாப்பிரிக்காவில் இறந்துபோயிருந்தார்.

ஆகவே இந்த வழியை எடுக்கும் குழு, விசாரணையாளரை அமர்த்தும் தீர்மானத்திலேயே சில வரிகளை எழுதிவிட வேண்டும்: அறிக்கை எந்தத் தேதிக்குள் வர வேண்டும், அது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முதலிலும் பொதுக்குழுவுக்குப் பின்னரும் போகும், தலைவரோ அமைப்பின் வழக்கறிஞரோ வெளியீட்டுக்கு முன் அதில் கை வைக்க முடியாது. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் மூன்றாவதை எதிர்ப்பார்கள், இழப்பீட்டு வழக்கில் அது அமைப்புக்கு எதிரான சான்றாகும் என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த விலையைக் கொடுக்கத் தயாரில்லாத குழு இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நேர்மை.

## நான்காம் வழி: அமைப்பையே கலைப்பது, அல்லது திவால் மனு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கல்லூரிக் கால்பந்துப் பயிற்றுநர் ஜெர்ரி சாண்டஸ்கி 1977இல் தொடங்கிய சிறுவர் அறக்கட்டளை, அவர் 2011 நவம்பரில் கைதான பிறகு நிலைக்கவில்லை. தலைமைச் செயல் அலுவலர் அதே மாதம் விலகினார். 2012 மே மாதத்தில், திட்டங்களை வேறொரு அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்துவிட அது நீதிமன்ற அனுமதி கோரியது. குற்றவாளியின் பெயரும் முகமுமே அமைப்பின் அடையாளமாக இருந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் கலைந்த அமைப்பின் நிர்வாகிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஒரு பொதுக்குழு இருக்காது.

திவால் மனு இன்னும் சிக்கலானது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் மனு செய்தபோது, தகுதியற்ற தன்னார்வலர்கள் பற்றிய இரகசியக் கோப்புகளை அது பல பத்தாண்டுகளாகப் பராமரித்துவந்தது ஏற்கெனவே ஊரறிந்த செய்தி. 1965 முதல் 1985 வரையான 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் ஆரிகன் நீதிமன்ற உத்தரவால் 2012இல் வெளியாகியிருந்தன. திவால் வழக்கில் 82,000க்கும் மேற்பட்டோர் உரிமை கோரினர். 246 கோடி டாலர் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நார்மன் ராக்வெல் வரைந்த சாரணச் சிறுவர் ஓவியங்கள்கூட இழப்பீட்டு நிதிக்காக ஏலத்துக்குப் போயின. நிதி திரட்ட இது வல்லமையுள்ள வழி. ஆனால் மனு செய்த உடனே மற்ற உரிமையியல் வழக்குகள் நின்றுவிடுகின்றன. தலைவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும் வாய்ப்பும் அவற்றோடு நிற்கிறது. மேற்கொண்டு விளக்கம் கொடுக்காமல் விரைவாகத் தீர்த்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு வைக்கப்பட்ட தொகை 3,500 டாலர். தலைமையின் பொறுப்பு அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் பேரமாக உருமாறிவிடுகிறது.

| அளவுகோல் | நீடித்தல் | உடனே விலகல் | ஒதுங்கல், வெளி விசாரணை | கலைத்தல், திவால் |
|---|---|---|---|---|
| இன்றைய பாதுகாப்பு | ஐயத்துக்குரியது | அடுத்து வருபவரைப் பொறுத்தது | இடைக்காலப் பொறுப்பாளர் சரியானால் நன்று | பிள்ளைகள் வேறிடம் போகிறார்கள் |
| ஆவணங்கள் | தலைவர் கையிலேயே | கை மாறும் | விசாரணையாளர் கைக்கு வரும் | நீதிமன்றம் கேட்டால்தான் |
| பேச முன்வருதல் | மிகக் குறைவு | தொடக்கத்தில் கூடும் | வெளியிடுவோம் என்ற உறுதி இருந்தால் கூடும் | உரிமை கோரலாக மட்டும் |
| தேதிகள் பதிவாதல் | இல்லை | கடிதத்தைப் பொறுத்தது | ஆம் | அரிது |
| மறைவான செலவு | பின்னர் வரும் வெடிப்பு | விலகல் தொகை, அவசரத் தேர்வு | காலதாமதம், சட்ட ஆபத்து | கேள்வி கேட்க ஆளில்லாமை |

## சிறிய அமைப்பு என்றால்

அறுபது பிள்ளைகளும் ஏழு செயற்குழு உறுப்பினர்களும் உள்ள ஊர்க் கழகத்தால் சட்ட நிறுவனத்தை அமர்த்த முடியாது. அதற்காக மூன்றாம் வழியைக் கைவிட வேண்டியதும் இல்லை. வெளியூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரும் குழந்தைகள் நலத்தில் அனுபவமுள்ள சமூகப் பணியாளர் ஒருவரும் போதும். அவர்கள் குற்றத்தை விசாரிக்க வேண்டாம், அது காவல் துறையின் வேலை. பிள்ளைகளை மறுபடி உட்கார வைத்துக் கேள்வி கேட்கவும் கூடாது. பெரியவர்களிடம் மட்டும் பேசி, தலைமைக்கு எப்போது என்ன தெரிந்தது என்ற ஒரே கேள்விக்கு, விசாரணை அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு, எட்டு வாரங்களில் பதில் எழுதட்டும். அதுவரை இடைக்காலப் பொறுப்பை வகிப்பவர் அதே செயற்குழுவின் துணைத் தலைவராக இருக்கக் கூடாது. அவரும் பழைய தீர்மானங்களில் கையெழுத்திட்டவர்தான். பெற்றோரில் ஒருவர், அல்லது பக்கத்து ஊர்க் கழகத்திலிருந்து கடனாகக் கேட்டுப் பெறும் ஒருவர் மேல்.

தலைவரை ஒதுங்கச் சொல்லும் கூட்டத்திலேயே ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: தகவல் வந்த தேதி, யாரிடம் வந்தது, அவர் என்ன செய்தார். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை அதில் தம் கையால் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், தலைவர் உட்பட. பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ அதில் வரக் கூடாது. என்ன செய்தார் என்ற மூன்றாம் பத்தியில் எழுத எதுவும் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை வெற்றாகவே விடட்டும். அந்தத் தாளைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, ஒரு நகலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வாக்கெடுப்புக்குப் போங்கள்.